டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார்

கற்கண்டை அறியாத சிறுவர் இலர். சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி, அதனுள் நூலைத் தொங்கவிட்டு, அசையாமல் பல நாள் வைத்திருந்தால், அந்நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளைகின்றது. பாகு விரைந்து ஆறினால் சிறு சிறு மணிகளாகிவிடும். பொறுமையுடன் ஆறவிட்டால் தெளிவும் பட்டைகளும் உடைய பெருங்கட்டிகளாகத் திரளும். இங்ஙனம் தனக்கென ஓர் ஒழுங்கான வடிவத்தோடு விளையும் பொருளையே படிகம் என்பர். உப்பும், படிகாரமும், வைரமும் படிகங்களே. அணிவகுத்து நிற்கும் படைவீரர்போல, படிகத்தினுள் அணுக்கள் வரிசை வரிசையாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. புறத்தே தோன்றும் பட்டைகளின் அழகு அகத்தே அமைந்த அவ்வொழுங்கின் விளைவாகும்.

அந்த ஒழுங்கினை ஆராய்வதற்கே தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார். நல்ல படிகம் எது, குறையுள்ள படிகம் எது எனப் பகுத்தறிந்து, நல்லதைப் பேணிக் காத்து, அதன் வாயிலாக உயிர் காக்கும் மருந்துகளின் அமைப்பை உலகிற்கு உணர்த்திய பெருமை அவருக்கு உண்டு.

இளமைப் பருவம்

டாரதி அம்மையார் 1910ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் எகிப்து நாட்டின் தலைநகரமாகிய கெய்ரோவில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜான் குரோபுட் என்னும் ஆங்கிலேயர். எகிப்திலும் பின்னர்ச் சூடானிலும் கல்வித் துறையில் அலுவல் புரிந்த அவர், தொல்பொருள் ஆராய்ச்சியில் பேரார்வம் உடையவர். தாயார் கிரேஸ் மேரி அம்மையாரும் கற்றறிந்தவரே. மரஞ் செடி கொடிகளைப் பற்றியும், பழங்கால மக்களின் நெசவுத் தொழிலைப் பற்றியும் நுணுகி ஆராய்ந்தவர். இவ்விருவருக்கும் பிறந்த பெண் மக்கள் நால்வருள் டாரதியே மூத்தவர்.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. பெற்றோர் சூடானில் இருக்க, பிள்ளைகள் இங்கிலாந்தில் செவிலித்தாயின் பாதுகாப்பில் வளர்ந்தனர். பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த அவ்வாண்டுகளில், தங்கையரைப் பேணும் பொறுப்பும், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் பழக்கமும் டாரதிக்கு இளமையிலேயே வாய்த்தன.

பத்து வயதளவில் அவர் ஒரு சிறிய பள்ளியில் பயின்று வந்தார். ஆங்கே படிகாரத்தையும் மயில்துத்தத்தையும் வெந்நீரில் கரைத்து, அக்கரைசலிலிருந்து படிகம் விளைவிக்கக் கற்பித்தனர். நாளுக்கு நாள் கரைசலின் அடியில் வளர்ந்து வந்த பட்டை தீட்டிய கற்கள் சிறுமியின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. அன்று தோன்றிய ஆர்வம் இறுதிவரை தணியவே இல்லை.

பதின்மூன்று வயதில் பெற்றோரைக் காணச் சூடான் நாட்டின் கார்ட்டூம் நகருக்குச் சென்றார். தந்தையாரின் நண்பரான ஜோசப் என்னும் மண்ணாய்வு அறிஞர் சிறுமியின் ஆர்வத்தைக் கண்டு வியந்து, கனிப்பொருள்களைச் சோதிப்பதற்குரிய மருந்துப் பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். இங்கிலாந்துக்கு மீண்ட டாரதி, வீட்டின் மேல்மாடத்தில் சிறிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார்.

கல்வி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பெக்கிள்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் டாரதி சேர்ந்தார். அக்காலத்தில் அப்பள்ளியில் இரசாயனம் ஆண் பிள்ளைகளுக்கே உரிய பாடமாக இருந்தது. பெண் பிள்ளைகள் மனையியலே பயின்றனர். டாரதியும் மற்றொரு மாணவியும் தங்கள் விருப்பத்தைத் தெரிவித்து, இரசாயன வகுப்பில் அமர்வதற்கு இசைவு பெற்றனர். மாணவர் நிறைந்த வகுப்பில் மாணவியர் இருவர் மட்டுமே வீற்றிருந்து பயின்றனர்.

டாரதியின் பதினாறாம் பிறந்த நாளன்று அன்னையார் நூல் ஒன்றைப் பரிசளித்தார். வில்லியம் பிராக் என்னும் பேரறிஞர் இளைஞர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளின் தொகுப்பு அது. படிகத்தினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அவை சிதறிச் சென்று புகைப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதியும் என்பது 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. அப்புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் கணக்கிட்டுப் படிகத்தினுள் அணுக்கள் நிற்கும் நிலையை உணரும் முறையை வில்லியம் பிராக்கும் அவர்தம் மகனார் லாரன்சு பிராக்கும் வகுத்தனர். கண்ணாற் காணவியலாத அணுக்களையும் இம்முறையால் காணலாம் என்று நூலிற் படித்தபொழுதே, இதுவே தம் வாழ்க்கைப் பணி என்று டாரதி உறுதி கொண்டார் எனலாம்.

1928ஆம் ஆண்டில், கல்லூரியிற் சேருமுன், பெற்றோருடன் ஜெராஷ் என்னும் தொன்னகருக்கு அவர் சென்றார். பழந்தேவாலயங்களின் தரையில் சிறு வண்ணக் கற்களைப் பதித்து இயற்றிய சித்திரக் கோலங்கள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்து தரை முழுவதையும் நிரப்பும் அவ்வழகினை அவர் அளவு பிசகாமல் வரைந்தார். ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் அடுக்கப்பெறுவதே படிகத்தின் இயல்பும் ஆகும்.

பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த சாமர்வில் கல்லூரியில் இரசாயனம் பயின்று, 1932ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் கேம்பிரிட்ஜில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியில் சிறந்து விளங்கிய பெர்னல் என்னும் அறிஞரின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

ஈரம் காத்த படிகம்

உப்பு, வைரம் முதலியவற்றின் அமைப்பை அறிஞர் அந்நாளில் கண்டுவிட்டனர். ஆனால் உயிர்களின் உடலில் இயங்கும் புரதங்களின் அமைப்பு விளங்காப் புதிராகவே இருந்தது. ஒரு புரத மூலக்கூறில் அணுக்கள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ உள்ளன. புரதத்தையும் படிகமாக விளைவிக்கலாம் என்பதை 1926ஆம் ஆண்டில் சம்னர் என்னும் அமெரிக்கர் மெய்ப்பித்தார். 1930ஆம் ஆண்டில் நார்த்ராப் என்பவர், இரைப்பையில் சுரந்து உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சின் என்னும் புரதத்தைப் படிகமாக்கினார். எனினும், அத்தகைய படிகங்களை உலர்த்தி எக்ஸ் கதிரில் வைத்தவர் எவர்க்கும் தெளிவான புள்ளிகள் கிட்டவில்லை; மங்கலான கறையே தகட்டிற் பதிந்தது. புரதத்தில் ஒழுங்கான அமைப்பே இல்லைபோலும் என்று ஐயுற்றாரும் உளர்.

1934ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் பில்பாட் என்னும் ஆராய்ச்சியாளர், பெப்சின் கரைசலைக் குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டு, பனிச்சறுக்கு விளையாடச் சென்றிருந்தார். திரும்பி வந்து நோக்கியபொழுது கரைசலுள் பெரிய அழகிய படிகங்கள் விளைந்திருந்தன. அவ்வழி வந்த மில்லிகன் என்னும் அறிஞர், படிகங்களைக் கரைசலோடு ஒரு குழாயில் பெற்று, சட்டைப் பையில் வைத்துக் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்து பெர்னலிடம் அளித்தார்.

பெர்னல் அவற்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். கரைசலில் மிதந்தபொழுது அவை ஒளியில் பளிச்சென்று மின்னின. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அவ்வொளி மங்கியது. படிகத்தின் அகத்தே உள்ள நீர் உலர்ந்து போவதால் உள்ளொழுங்கு குலைகின்றது என்பதை அவர் உணர்ந்தார். மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் படிகத்தை அதன் தாய்க் கரைசலோடு அடைத்து, ஈரம் நீங்காதவாறு காத்து, எக்ஸ் கதிரைச் செலுத்தினார். தகடு முழுவதும் தெளிந்த புள்ளிகள் நிறைந்தன! புரதத்திலும் அணுக்கள் ஒழுங்காகவே நிற்கின்றன என்பது ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று.

அன்று டாரதி ஆராய்ச்சிக் கூடத்தில் இல்லை. இருபத்து நான்கு வயதே நிரம்பும் தறுவாயில், அவர்தம் கைவிரல் மூட்டுகள் வீங்கி நோவு தரத் தொடங்கியிருந்தன. பெற்றோர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினர். முடக்குவாதம் என்பது தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் வருத்திய அந்நோய் தொடங்கிய காலமும், அவரது துறைக்குப் புதிய வாயில் திறந்த காலமும் ஒன்றாகவே அமைந்தன. டாரதி திரும்பி வந்து பெர்னலுடன் சேர்ந்து அப்படிகங்களை ஆராய்ந்தார். இருவர் பெயராலும் அமைந்த கட்டுரை அவ்வாண்டு மே மாதத்தில் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது.

நல்ல படிகத்தின் இலக்கணம்

எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக்கு எல்லாப் படிகமும் ஏற்றதாகாது. நெல்லை விதைப்பதற்கு முன் பதரை நீக்குவதுபோல, குறையுள்ள படிகங்களை நீக்கி நல்லவற்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தவறான படிகத்தைக் கொண்டு தொடங்கினால், பல திங்கள் செய்த உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராய்விடும்.

முதற்கண், படிகம் தெளிவாய் இருத்தல் வேண்டும். கீறலோ வெடிப்போ கூடாது. பட்டைகளின் விளிம்பு கூர்மையாய் விளங்குதல் வேண்டும். அடுத்து, அது ஒற்றைப் படிகமாய் இருத்தல் வேண்டும். இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்து ஒன்றே போலத் தோன்றுவதும் உண்டு. ஒரு தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைக் கொண்ட தனிவகை நுண்ணோக்கியால் இதனைக் கண்டுபிடிக்கலாம். அதன்கீழ்ப் படிகத்தை மெல்லச் சுழற்றினால், பெரும்பாலான படிகங்கள் காற்சுற்றுக்கு ஒருமுறை இருண்டு மீண்டும் ஒளிரும். படிகம் முழுவதும் ஒருங்கே இருண்டால் அஃது ஒற்றைப் படிகம். ஒரு பகுதி இருள, மற்றொரு பகுதி ஒளிர்ந்தால் அஃது ஒட்டுப் படிகம்.

விளைந்தது புரதந்தானா என்பதையும் தேர்ந்து தெளிதல் வேண்டும். கரைசலில் உள்ள உப்பும் சில வேளைகளில் படிகமாகிப் புரதம்போல மயக்கும். உப்புப் படிகம் உறுதியானது. ஊசி முனையால் அழுத்தினால் நொறுங்கி வெடிக்கும். புரதப் படிகமோ மென்மையானது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு நீரேயாதலின், சிறிது அழுத்தினாலும் நசுங்கிவிடும்.

இவற்றிற்கெல்லாம் மேலான சோதனை எக்ஸ் கதிரே ஆகும். நல்ல படிகம் தரும் புள்ளிகள் சிறியனவாய், தனித்தனியாய், தகட்டின் விளிம்பு வரையிலும் பரவி நிற்கும். புள்ளிகள் நடுவே மட்டும் தோன்றி விளிம்பில் மறைந்தால், பருமட்டான வடிவத்தை அறியலாமேயன்றி நுண்ணிய அமைப்பை அறிய இயலாது. புள்ளிகள் கோடுகளாய் நீண்டாலும், இரண்டிரண்டாய்ப் பிளந்தாலும், படிகத்தினுள் ஒழுங்கு குலைந்துள்ளது என்பது பொருள். உப்புப் படிகத்தின் புள்ளிகள் சிலவாய் அகன்று நிற்கும். புரதத்தின் புள்ளிகளோ பலவாய் நெருங்கி நிற்கும். மேலும், எக்ஸ் கதிர் படப்பட மென்மையான புரதப் படிகம் சிறிது சிறிதாகப் பழுதடையும். ஆதலால், முதலிற் பதிந்த புள்ளிகளையும் பின்னர்ப் பதிந்த புள்ளிகளையும் ஒப்பிட்டு, படிகம் இன்னும் நன்னிலையில் உள்ளதா எனச் சோதித்தலும் இன்றியமையாதது.

இக்கலையில் டாரதி அம்மையார் நிகரற்ற தேர்ச்சி பெற்றார்.

ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி

1934ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். பல்கலைக் கழகத்தின் பொருட்காட்சிச் சாலைக் கட்டடத்தில், பாதி நிலத்துள் அமைந்த அறையொன்றே அவருக்கு ஆராய்ச்சிக் கூடமாக வாய்த்தது. அவ்வறையின் சாளரம் மிக உயரத்தில் இருந்தது. நல்ல வெளிச்சம் அங்கே மட்டுமே கிடைத்தமையால், நுண்ணோக்கியைச் சாளரத்தையொட்டிய மேடையில் வைத்திருந்தனர். படிகத்தை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் ஏணியைப் பற்றி, நோவு மிகுந்த விரல்களோடு அவர் ஏறி இறங்குவார். கைந்நடுங்கிப் படிகம் விழுமாயின் பல வார உழைப்பு வீணாகும். ஆயினும் அவர் மனந்தளர்ந்தார் அல்லர்.

அவ்வேளையில் இராபர்ட் இராபின்சன் என்னும் இரசாயனப் பேராசிரியர் 10 மில்லிகிராம் இன்சுலினை அவருக்கு அளித்தார். இன்சுலின் நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காக்கும் மருந்து. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டில் கண்டறியப்பட்டது. இராபின்சன் அளித்த இன்சுலின் மிக நுண்ணிய தூளாக இருந்தது. எக்ஸ் கதிருக்கு அது பயன்படாது. டாரதி அதனைக் கரைத்து, துத்தநாக உப்பைச் சேர்த்து, பன்முறை முயன்று, கண்ணுக்குத் தோன்றும் படிகங்களாக வளர்த்தார். 1935ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, படிகத்தின் நிழற்படத் தகட்டைக் கழுவி நோக்கியபொழுது, நடுவே நுண்ணிய புள்ளிகள் பதிந்திருக்கக் கண்டார். அடங்கா மகிழ்ச்சியுடன் அவ்விரவு ஆக்ஸ்போர்டுத் தெருக்களில் தனியே உலாவினார்.

மறுநாட் காலையில் அவருள்ளத்தே ஓர் ஐயம் எழுந்தது. தாம் படம் எடுத்தது உண்மையில் இன்சுலின்தானா? வேறு ஏதேனும் உப்பாக இருக்குமோ? விரைந்து ஆராய்ச்சிக் கூடம் சென்று, புரதத்தைக் காட்டும் இரசாயனச் சோதனையைச் செய்து, அது புரதமே எனத் தெளிந்த பின்னரே அமைதியுற்றார். மகிழ்ச்சி மிகுந்த வேளையிலும் தம் செயலைத் தாமே ஐயுற்று ஆராயும் இப்பண்பே விஞ்ஞானிக்கு அணிகலன் ஆகும்.

முதற்படத்தில் வைத்தது உலர்ந்த படிகம். சில ஆண்டுகளுக்குப் பின், இன்சுலினையும் ஈரம் நீங்காமல் வைத்துப் படமெடுத்து, முன்னினும் மிகுதியான புள்ளிகளைப் பெற்றார். ஆனால் புள்ளிகளைக் காண்பது வேறு. அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான அணுக்களின் இடத்தைக் கணிப்பது வேறு. அக்கணக்கைத் தீர்க்கும் வழி அன்று எவருக்கும் தெரியவில்லை. டாரதி இன்சுலினை மறந்துவிடவில்லை. காலம் கனியும் வரை பொறுத்திருந்தார்.

பெனிசிலினும் உயிர்ச்சத்தும்

1937ஆம் ஆண்டில் வரலாற்று அறிஞராகிய தாமசு ஹாட்ஜ்கின் என்பாரை அவர் மணந்தார். இரு புதல்வரும் ஒரு புதல்வியும் பிறந்தனர். முதற்குழந்தை பிறந்தபின் முடக்குவாதம் கடுமையாகி, விரல்கள் வளைந்தன. எக்ஸ் கதிர்க் கருவியின் விசையைத் திருகவும் இயலாமற் போகவே, நீண்ட நெம்புகோல் ஒன்றை அதற்குப் பொருத்தச் செய்து, ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புண்பட்ட வீரர்களைக் காக்கும் பெனிசிலின் மருந்து ஆக்ஸ்போர்டிலேயே உருவாக்கப்பட்டது. பூஞ்சைக் காளானிலிருந்து அதனைச் சிறிதளவே பெற முடிந்தது. அதன் மூலக்கூறு அமைப்புத் தெரிந்தால் அதைச் செயற்கையாகவும் ஆக்கலாம் என்று கருதினர். ஆனால் அமைப்பைக் குறித்து இரசாயன அறிஞரிடையே கருத்து வேற்றுமை மிகுந்திருந்தது. டாரதியும் அவர்தம் மாணவியார் பார்பரா லோ என்பவரும் பெனிசிலினின் பொட்டாசிய உப்பையும் ருபிடிய உப்பையும் படிகமாக்கி ஆராய்ந்தனர். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் பொறிகளின் துணையையும் நாடினர். 1945ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. நான்கே அணுக்கள் சேர்ந்த வளையம் ஒன்று பெனிசிலினின் நடுவே அமைந்திருந்தது. அத்தகைய வளையம் நிலையாக நில்லாது என்று புகழ்பெற்ற அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். இராபின்சனும் வேறோர் அமைப்பையே வற்புறுத்தி வந்தார். எவர் கருத்து எவ்வாறாயினும், படிகம் காட்டிய உண்மையையே டாரதி உறுதியாக எடுத்துரைத்தார்.

1948ஆம் ஆண்டில் லெஸ்டர் சுமித் என்னும் அறிஞர் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த சிவந்த படிகங்களை அவருக்கு அளித்தார். கொடிய இரத்தச் சோகையைத் தீர்க்கும் பி-12 என்னும் உயிர்ச்சத்து அது. அதன் அமைப்பு பெனிசிலினைக் காட்டிலும் பன்மடங்கு சிக்கலானது. அம்மூலக்கூறின் நடுவே அமைந்த கோபால்ட் என்னும் கனத்த அணுவைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மாணவர் பலருடன் எட்டாண்டுகள் உழைத்து, 1956ஆம் ஆண்டில் முழு அமைப்பையும் வெளியிட்டார். கடல் கடந்து அமெரிக்காவில் இருந்த புதிய மின்னணுக் கணிப்பொறியும் இப்பணிக்குத் துணை புரிந்தது.

இப்பெருஞ் செயல்களுக்காக 1964ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு அவர் ஒருவருக்கே முழுமையாக வழங்கப்பட்டது. மேரி கியூரி அம்மையாருக்கும் அவர்தம் மகளார் ஐரீன் அம்மையாருக்கும் பின், இரசாயனத்தில் அப்பரிசைப் பெற்ற மூன்றாம் பெண்மணி இவரே.

முப்பத்து நான்கு ஆண்டுத் தவம்

உலகப் புகழ் எய்திய பின்னும் இன்சுலின் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1955ஆம் ஆண்டளவில் சாங்கர் என்னும் அறிஞர், இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ள வரிசையைக் கண்டறிந்தார். ஆனால் அம்மாலை எவ்வாறு மடிந்து கிடக்கின்றது என்பது தெரியவில்லை. இதற்கிடையே கேம்பிரிட்ஜில் பெரூட்சு என்பவர், புரதப் படிகத்தினுள் கனத்த உலோக அணுக்களைப் புகுத்தி, புள்ளிகளில் ஏற்படும் மாறுதலை அளந்து, அமைப்பைக் கணிக்கும் வழியைக் காட்டினார்.

டாரதி அம்மையாரின் குழுவினர் இன்சுலின் படிகத்தில் உள்ள துத்தநாகத்தை நீக்கி, ஈயம் முதலிய கனத்த உலோகங்களைச் சேர்க்க முயன்றனர். உலோகம் புகுந்ததும் பல படிகங்கள் ஒழுங்கு குலைந்து பயனற்றுப் போயின. வடிவம் குலையாமல் உலோகத்தை மட்டும் ஏற்கும் படிகங்களைத் தேடித் தேடிச் சோதிக்கவே ஆண்டுகள் பல கழிந்தன. இறுதியில் 1969ஆம் ஆண்டில் இன்சுலினின் முழு வடிவமும் வெளிப்பட்டது. இரண்டு துத்தநாக அணுக்களைச் சூழ்ந்து ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் மலரிதழ்கள்போல அமைந்துள்ளன என்பது தெரிந்தது. முதற்படம் எடுத்தபொழுது இருபத்து நான்கு வயதினராக இருந்த அம்மையார், விடை கண்டபொழுது ஐம்பத்தொன்பது வயதை எய்தியிருந்தார்.

அவ்வெற்றியை அறிவித்த கட்டுரையில் பதின்மர் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் அம்மையாரின் பெயர் எட்டாவதாகவே நிற்கின்றது! அரும்பாடுபட்ட இளைஞர்களின் பெயர்களை முன்னே நிறுத்தித் தம் பெயரைப் பின்னே வைத்துக்கொண்டார். முன்னே நிற்பவருள் நம் நாட்டினராகிய விஜயன் என்பாரும் ஒருவர். அவர் பின்னாளில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆராய்ச்சியைத் தோற்றுவித்து வளர்த்தார்.

பண்பு நலன்

அம்மையார் மென்மையாகப் பேசும் இயல்பினர். மாணவர்களும் உடன் உழைப்போரும் தம்மைப் பெயர் சொல்லி அழைப்பதையே விரும்பினார். பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அவரை நாடி வந்து பயின்றனர். முதல் உலகப் போரால் தாயாரின் உடன்பிறந்தார் நால்வரும் மாண்டனர். அத்துயரத்தைக் கேட்டு வளர்ந்த டாரதி, போரை வெறுத்து, அமைதியைப் போற்றினார். நாடுகளுக்கிடையே பகைமை மூண்டிருந்த காலத்திலும், சோவியத்து நாட்டிற்கும் சீனத்திற்கும் சென்று ஆங்குள்ள விஞ்ஞானிகளுடன் நட்புப் பூண்டார். அணுகுண்டுப் போரைத் தடுக்கப் பாடுபடும் பக்வாஷ் என்னும் விஞ்ஞானிகளின் இயக்கத்திற்கு 1976ஆம் ஆண்டு முதல் 1988ஆம் ஆண்டு வரை தலைமை தாங்கினார்.

1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிறப்புகளுள் ஒன்றாகிய ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முன் அதனைப் பெற்ற பெண்மணி பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் ஒருவரே. முதுமையில் நடக்கவும் இயலாத நிலையை எய்திய பின்னரும், 1993ஆம் ஆண்டில் சீனத் தலைநகரில் கூடிய படிகவியல் மாநாட்டிற்குச் சக்கர நாற்காலியில் சென்று கலந்துகொண்டார். 1994ஆம் ஆண்டு சூலை மாதம் 29ஆம் நாள் தம் எண்பத்து நான்காம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

இந்நாளில் புரதப் படிகங்களைத் திரவ நைட்ரசனின் கடுங்குளிரில் உறையவைத்துக் காக்கின்றனர். முன்பு பல மணி நேரத்தில் எடுத்த படத்தை ஆற்றல் மிக்க கருவிகள் நொடிப்பொழுதில் எடுக்கின்றன. கணிப்பொறிகள் புள்ளிகளை உடனுக்குடன் அளந்து, படிகத்தின் தரத்தைத் தெரிவிக்கின்றன. எனினும், ஒற்றைப் படிகமா, ஒழுங்குடைய படிகமா, புள்ளிகள் எவ்வளவு தொலைவு பரவியுள்ளன என்று கேட்கும் கேள்விகள் அன்று டாரதி அம்மையார் கேட்டவையே.

நல்ல படிகம் விரைந்து விளைவதில்லை. அமைதியாகவும் படிப்படியாகவும் வளர்வதே தெளிவும் உறுதியான ஒழுங்கும் பெறுகின்றது. டாரதி அம்மையாரின் வாழ்வும் அத்தகையதே. நோயால் வளைந்த விரல்களைக் கொண்டு, மணலினும் சிறிய படிகங்களைப் பேணி, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு வினாவிற்கு விடை தேடிய அப்பொறுமையும், தம் வெற்றியையும் ஐயுற்று ஆராய்ந்த அவ்வுண்மை நாட்டமும் இளைஞர் அனைவரும் போற்றிக் கொள்ளத்தக்கனவாகும்.